ஜாக் ரஸ்ஸல் டெரியர் உங்கள் வீட்டுக்கு ஒத்துவருமா?

நாய் வளர்க்க நினைப்பவர்கள் ஜாக் ரஸ்ஸல் டெரியரிடம் வந்து நிற்பது பெரும்பாலும் அதன் அளவைப் பார்த்துத்தான். தோள் உயரம் 25 முதல் 30 செ.மீ., எடை 5 முதல் 6 கிலோ. ஒரு கையால் தூக்கிவிடலாம், மூலையில் ஒரு சின்னப் படுக்கை போட்டால் போதும், சாப்பாடும் கொஞ்சம்தான். இதெல்லாம் உண்மை. ஆனால் இந்த நாயோடு குடும்பம் நடத்துவது எளிதா சிரமமா என்பதற்கும் இந்த அளவுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. அதை எந்த வேலைக்காக உருவாக்கினார்கள் என்று பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் வாழ்ந்த ஜான் ரஸ்ஸல் (1795–1883) என்ற பாதிரியாருக்கு நரி வேட்டையில் தீராத ஆர்வம். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்தபோது, 1819-இல், ஒரு பால்காரரிடம் அவர் வாங்கிய ‘டிரம்ப்’ என்ற பெண் நாயிலிருந்துதான் இந்த வம்சத்தின் கதையைத் தொடங்குவார்கள். வேட்டையில் பெரிய ஹவுண்டு நாய்கள் நரியைத் துரத்தும். நரி வளைக்குள் புகுந்துவிட்டால் அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. அப்போது டெரியரை இறக்குவார்கள். அது இருட்டு வளைக்குள் தனியாகப் போய், நரிக்கு முகத்துக்கு முகம் நின்று, நரி வெளியே ஓடும்வரையோ மேலே இருப்பவர்கள் தோண்டிக்கொண்டு வரும்வரையோ விடாமல் குரைக்க வேண்டும். நரியைக் கொன்றுவிடக் கூடாது, பயந்து திரும்பியும் வரக் கூடாது.

இந்த வேலைக்கு என்னென்ன குணம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். மண்ணுக்கடியில் எஜமானின் குரல் கேட்காது. ஆகவே சொல்லுக்குக் காத்திராமல் தானே முடிவெடுக்க வேண்டும். மேலே இருப்பவர்களுக்கு இடம் தெரிய வேண்டும்; ஆகவே சளைக்காமல் குரைக்க வேண்டும். வழி அடைபட்டால் மண்ணைப் பறிக்க வேண்டும். கடி வாங்கினாலும் நகரக் கூடாது. சின்னதாக எது ஓடினாலும் அதன் பின்னால் பாய வேண்டும். வீட்டுக்குள் வந்ததும் இந்தக் குணங்களையே நாம் வேறு விதமாகச் சொல்கிறோம்: கூப்பிட்டால் வருவதில்லை, ஓயாமல் குரைக்கிறது, தோட்டத்தைக் கிளறுகிறது, பெரிய நாயிடம் போய் மல்லுக்கு நிற்கிறது, பூனையை விடுவதில்லை. தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த குணங்கள் இவை. பயிற்சியால் வேறு பக்கம் திருப்பலாம், குறைக்கலாம். எடுத்துவிட முடியாது. இதை மனதார ஏற்றுக்கொள்ள முடிகிறதா என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

இந்த நாயின் உடலளவும் அந்த வேலையை ஒட்டியே அமைந்தது. முன்கால்களுக்குப் பின்னால் நெஞ்சின் சுற்றளவு 40 முதல் 43 செ.மீ.; பெரியவர் ஒருவர் இரண்டு கைகளாலும் சுற்றிப் பிடித்தால் விரல்கள் தொட வேண்டும். நரி நுழையும் இடத்தில் நுழைவதற்கான கணக்கு இது. இதே வம்சத்தில் கால் நீண்டு 33 முதல் 36 செ.மீ. உயரம் வருவதைப் பார்சன் ரஸ்ஸல் டெரியர் என்று தனி இனமாகப் பிரித்திருக்கிறார்கள். விற்பவர்கள் இரண்டையும் கலந்தே பேசுவார்கள். குணத்தில் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்க வேண்டாம். வேலியை மட்டும் இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொள்ளுங்கள்.

குரைப்பு

அடுக்குமாடி வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால் பலரும் சதுர அடியை வைத்துப் பதில் சொல்கிறார்கள். இடம் தாராளமாகப் போதும். கவலைப்பட வேண்டியது சுவரைப் பற்றித்தான். ஜாக் ரஸ்ஸலின் குரைப்பு உச்சக் குரலில், வெட்டி வெட்டி வரும்; மூடிய கதவையும் தாண்டிக் கேட்கும். மாடிப்படியில் காலடிச் சத்தம், லிஃப்ட் கதவு, அழைப்பு மணி, எங்கோ குரைக்கும் இன்னொரு நாய் என எல்லாமே அதற்குத் தகவல் சொல்ல வேண்டிய விஷயம்.

இது ஏன் நாளுக்கு நாள் கூடுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஜன்னலுக்கு வெளியே ஒருவர் நடந்து போகிறார், நாய் குரைக்கிறது, அவர் போய்விடுகிறார். அவர் தன் பாட்டுக்குப் போனார் என்பது நமக்குத் தெரியும். நாய்க்கோ, தான் குரைத்ததால் போனார். ஒரு நாளில் 20 பேர் கடந்தால் 20 முறை அந்தப் பாடம் ஊறிவிடுகிறது. எனவே பயிற்சிக்கு முன்னால் பார்வையை அடைக்க வேண்டும். தரையிலிருந்து 90 செ.மீ. உயரம் வரை கண்ணாடியில் மங்கலான ஃபிலிம் ஒட்டுங்கள். ஜன்னலோரச் சோபாவை வேறு இடத்துக்கு நகர்த்துங்கள். இல்லாவிட்டால் அதன் முதுகில் ஏறி நின்று வேவு பார்க்கும்.

அழைப்பு மணிக்குத் தனிப் பயிற்சி வேண்டும். மணிச் சத்தத்தைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். கதவிலிருந்து 2 அல்லது 3 மீட்டர் தள்ளி ஒரு பாயைப் போடுங்கள். காதை மட்டும் லேசாகத் திருப்பும் அளவுக்குச் சத்தத்தைக் குறைத்து ஒலிக்கவிட்டு, அதே நொடியில் பாயின் மேல் ஒரு துண்டுத் தீனியைப் போடுங்கள். ஒரு தடவைக்கு 8 முதல் 10 முறை, நாளுக்கு இரண்டு தடவை. சத்தம் கேட்டதும் நீங்கள் தீனி போடும் முன்பே அது பாய்க்கு ஓடுகிறது என்றால்தான் ஒலியை ஒரு படி கூட்ட வேண்டும். கடைசியில் வீட்டு ஆள் ஒருவர் வெளியே போய் உண்மையான மணியை அடிக்கட்டும். இரண்டு மூன்று வாரத்தில் பலன் தெரியும். சொதப்புவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்: அவசரப்பட்டு ஒலியைக் கூட்டுவது, குரைக்க ஆரம்பித்த பிறகு தீனியை நீட்டுவது. இரண்டாவதைச் செய்தால் குரைத்தால் தீனி கிடைக்கும் என்று கற்றுக்கொள்ளும். அதட்டுவதும் உதவாது, குரல் உயர உயர அதன் பரபரப்பும் ஏறும்.

இவ்வளவு செய்தாலும் அமைதியான நாய் கிடைக்காது. மணி அடித்தால் நாலு குரைப்பு குரைத்துவிட்டுப் பாய்க்குப் போகும் நாய் கிடைக்கும். மெல்லிய சுவர், பக்கத்து வீட்டில் கைக்குழந்தை, வீட்டில் எல்லோரும் 8 மணி நேரம் வெளியே என்ற மூன்றும் ஒரே வீட்டில் சேர்ந்தால் இந்த இனம் வேண்டாம் என்பதே என் கருத்து.

ஓடுவது எதுவானாலும் துரத்தும்

துரத்தல் திடீரென்று நடப்பதாகத் தோன்றும். உண்மையில் அதற்கு முன்னால் ஒரு நொடி கிடைக்கிறது. நடந்துகொண்டிருக்கும் நாய் சட்டென்று நிற்கும். திறந்திருந்த வாய் மூடிக்கொள்ளும். இரண்டு காதுகளும் முன்னால் மடிந்து ஒரே புள்ளியைக் குறிவைக்கும். ஒரு முன்கால் தரையை விட்டு லேசாக எழும்; வால் அசைவது நின்று விறைக்கும். உங்கள் குரல் அதன் காதில் விழும் கடைசி நேரம் இதுதான். பாய்ந்த பிறகு கத்துவதால் பயனில்லை, கூப்பிட்டால் வரவேண்டாம் என்று பழக்குவதாகவே முடியும்.

அதனால் கூப்பிட்டால் வரும் பயிற்சியை 10 மீட்டர் நீளக் கயிற்றில் தொடங்குங்கள். கயிற்றைக் கழுத்துப் பட்டையில் மாட்டாதீர்கள், நெஞ்சையும் முதுகையும் சுற்றிக் கட்டும் ஹார்னஸின் முதுகு வளையத்தில் மாட்டுங்கள். முழு வேகத்தில் ஓடிக் கயிற்றின் முனையை எட்டும்போது அந்த வெட்டு முழுவதும் கழுத்தில் இறங்கினால் மூச்சுக்குழாயும் கழுத்தெலும்பும் தாங்காது. முதலில் வீட்டுக்குள், பிறகு வேலியிட்ட தோட்டம், பிறகு வெளியே. ஒரே ஒரு சொல் அல்லது ஒரே விசில். வந்ததும் காய்ந்த தீனி போதாது. டெரியருக்குப் பிடித்த கூலி துரத்திக் கவ்வுவதுதான். கயிறு கட்டிய துணிப் பொம்மையைத் தரையில் இழுத்து ஓடவிட்டுப் பிடிக்கக் கொடுங்கள். நீங்கள் கூப்பிடுவது வேட்டை முடிந்துவிட்டது என்ற அறிவிப்பாக இல்லாமல், வேட்டை உங்களிடம்தான் என்று ஆக வேண்டும். திரும்பி வந்தவுடன் ஒவ்வொரு முறையும் கயிற்றை மாட்டி வீட்டுக்கு இழுத்து வந்தால் அடுத்த வாரமே கைக்கெட்டாத தூரத்தில் நின்றுகொள்ளும். பத்தில் எட்டு முறை வெகுமதி கொடுத்து மறுபடி ஓட விடுங்கள். இத்தனைக்குப் பிறகும் சாலையோரம், வேலியில்லாத வெளி, வளைகள் இருக்கும் இடம் ஆகியவற்றில் கயிற்றை அவிழ்க்கக் கூடாது. வளைக்குள் இறங்கிய டெரியர் மணிக்கணக்கில் உள்ளேயே இருந்துவிடலாம், மாட்டிக்கொள்ளவும் செய்யலாம்.

வீட்டில் வேறு பிராணிகள் இருந்தால் இங்கேயே முடிவு தெரிந்துவிடும். முயல், கினிப் பன்றி, வெள்ளெலி, பறவை இருக்கும் வீட்டுக்கு ஜாக் ரஸ்ஸல் வேண்டாம். கவ்வி ஒரு உதறு உதறினால் முடிந்தது. கையை நீட்டக்கூட நேரம் இருக்காது. கூண்டு காப்பாற்றும் என்று நினைப்பதும் சரியில்லை. நாள் முழுக்கக் கூண்டை வெறித்தபடி ஒரு நாய், அந்தப் பார்வைக்குள் ஒடுங்கியிருக்கும் ஒரு முயல், இரண்டுக்குமே அது நிம்மதியான வாழ்க்கை இல்லை. பூனை விஷயம் வேறு. நாயைக் கண்டால் ஓடாத, தைரியமான பூனை ஏற்கெனவே இருக்கும் வீட்டுக்கு 8 வாரக் குட்டியாக வந்தால் பெரும்பாலும் ஒத்துப்போகும். பூனை ஏறிக்கொள்ள உயரமான இடமும், நாய் நுழைய முடியாத ஒரு அறையும் இருக்க வேண்டும். அதே நாய் தெருப் பூனையை விடாது. வீட்டுப் பூனையோடு பழகியது அங்கே கணக்கில் வராது.

எலி பிடிக்கும் நாய் என்பதால் இரண்டு ஆபத்துகள் கூடவே வருகின்றன. ஒன்று எலி மருந்து. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை மருந்தைத் தின்ற எலியைத் தின்றாலும் நாய்க்கு விஷம் ஏறலாம். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. 3 முதல் 5 நாள் கழித்துத்தான் சோர்வு, இருமல், ஈறு வெளுப்பது, ரத்தக் கசிவு என்று காட்டும். அறிகுறிக்குக் காத்திராமல் மருந்துப் பாக்கெட்டோடு உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். வைட்டமின் கே1 சிகிச்சை சில வாரங்கள் வரை தொடரும். டெரியர் இருக்கும் வீட்டிலும் தோட்டத்திலும் எலி மருந்து வைக்கவே கூடாது. இன்னொன்று எலியின் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல். நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும், மனிதருக்கும் தொற்றும். இதற்குத் தடுப்பூசி உண்டு: முதலில் சில வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று. இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வேலி

நின்ற இடத்திலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் எகிறக்கூடிய நாய் இது. 1.5 மீட்டர் உயரம் குறைந்தபட்சம், 1.8 மீட்டர் என்றால் நிம்மதி. வைரக்கண் வலைக் கம்பி வேலி வேண்டாம், அதில் ஏணியில் ஏறுவதுபோல் ஏறிவிடும். வேலியை ஒட்டித் தொட்டி, பெஞ்ச், விறகு எதையும் வைக்காதீர்கள். கதவுக்கு அடியிலும் கம்பிகளுக்கு இடையிலும் 5 செ.மீ.க்கு மேல் இடைவெளி வேண்டாம்; தலை நுழைந்தால் உடல் நுழைந்துவிடும், குட்டியாக இருக்கும்போது இன்னும் எளிது.

வேலிக்கு அடியில் தோண்டி வெளியேறுவதைத் தடுக்க ஆழமாகக் கான்கிரீட் போட வேண்டியதில்லை. வேலியின் அடியில் கட்டிய கம்பி வலையை உள்பக்கமாக மடித்து, 45 முதல் 60 செ.மீ. அகலத்துக்குத் தரையில் படுக்கவைத்து, மேலே மண்ணைப் பரப்பிப் புல் வளரவிடுங்கள். நாய் எப்போதும் வேலியின் காலடியில்தான் தோண்டத் தொடங்கும். நகம் வலையில் தட்டியதும் பக்கவாட்டில் நகர்ந்து மறுபடி முயலும். இரண்டடி பின்னால் வந்து தோண்டினால் வழி உண்டு என்று அதற்குத் தோன்றுவது அபூர்வம்.

தோண்டுவதையே நிறுத்தப் பார்க்காதீர்கள், அதற்கென்று ஓர் இடம் கொடுங்கள். நிழலில் 1 மீட்டர் நீள அகலத்தில், 40 செ.மீ. ஆழத்தில் ஒரு குழி. மணலும் மண்ணும் கலந்து நிரப்புங்கள். முதல் வாரம் பொம்மையைப் பாதி வெளியே தெரியும்படி புதையுங்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆழம். பூச்செடிப் பாத்தியில் தோண்டும்போது திட்டாமல் குழிக்குக் கூட்டிப்போய் நீங்களே கையால் இரண்டு பிடி மண்ணைக் கிளறிக் காட்டுங்கள்.

ஒரு நாளில் எத்தனை மணி நேரம்

வளர்ந்த ஜாக் ரஸ்ஸலுக்குத் தினமும் 60 முதல் 90 நிமிடம் வெளி நடை, அதுபோக மூளைக்கு வேலை கொடுக்கும் 10 நிமிட விளையாட்டு இரண்டு மூன்று தடவை. நாளை சேர்த்துக்கொள்ளலாம் என்று இன்றைக்கு விட முடியாது. மழை, காய்ச்சல், விருந்தினர் என்று எது வந்தாலும் நடை உண்டு.

இதில் நல்ல மனதோடு செய்யும் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். களைப்படையட்டும் என்று ஒரு மணி நேரம் பந்து வீசுவார்கள். நாய் களைப்படையாது, உடல்தான் உரமேறும். நான்கு வாரத்தில் ஒன்றரை மணி நேரம் கேட்கும். வீட்டுக்கு வந்த பிறகும் மூச்சிரைத்தபடி பந்தையே பார்த்துக்கொண்டு நிற்கும். ஓடித் திரும்பி வழுக்கி நிற்பதில் முழங்கால் மூட்டும் அடிவாங்கும். வீசுவதை இரண்டு நிமிடத்தோடு நிறுத்திவிட்டு மூக்குக்கு வேலை கொடுங்கள். 30 கிராம் தீனியைப் புல்லில் தூவிவிட்டால் 10 நிமிடம் தலை நிமிராமல் தேடும். முடித்ததும் தானே போய்ப் படுக்கும். வீட்டுக்குள் என்றால் ஆறு அட்டைப்பெட்டிகளை வைத்து ஒன்றில் மட்டும் தீனி. நடையிலும் இழுத்துக்கொண்டு போகாமல் மோந்து பார்க்க விடுங்கள்.

கயிறு இழுக்கும் விளையாட்டு நாயை முரடாக்கும் என்று பயப்பட வேண்டாம். டெரியருக்கு அதைவிடப் பிடித்தது குறைவு. ‘விடு’ என்றதும் விட வேண்டும், விட்டவுடன் மறுபடி கிடைக்கும் என்ற ஒரே விதியோடு விளையாடினால் கட்டுப்பாட்டுக்கு அதுவே நல்ல பாடம்.

தனியாக இருக்கும் நேரம் வளர்ந்த நாய்க்கு ஒரே மூச்சில் 4 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். குட்டிக்கு ஆரம்பத்தில் சில நிமிடங்கள்தான். 30 நொடி கதவுக்கு வெளியே நின்று திரும்புவதில் தொடங்கி, 1 நிமிடம், 3, 5 என்று நீட்டி, இடையிடையே சுலபமான குறைந்த நேரத்தையும் கலக்க வேண்டும். போனில் வீடியோ எடுத்துப் பாருங்கள். உண்மையான தவிப்பு என்றால் பெரும்பாலும் முதல் அரைமணி நேரத்திலேயே தெரியும்: கதவைப் பிறாண்டுவது, எச்சில் வடிவது, இடைவிடாத ஊளை. சும்மா சலிப்பு என்றால் கொஞ்சம் தூங்கி எழுந்த பிறகு மெத்தையைக் கிழிக்கும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

குட்டி ஒரு நாளில் 18 மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்க வேண்டும். மாலையில் வெறி பிடித்ததுபோல் ஓடிக் கடிக்கும் குட்டிக்கு ஓட்டம் போதவில்லை என்று நினைக்கிறார்கள். பல நேரம் அதற்குத் தூக்கம்தான் போதவில்லை. 6 மாதம் முதல் ஒன்றரை வயது வரை, கற்றதெல்லாம் மறந்ததுபோல் நடக்கும் காலம் ஒன்று வரும். இந்த வயதில்தான் பலர் மனம் தளர்கிறார்கள். அதைத் தாண்டும் பொறுமை வீட்டில் யாருக்கு இருக்கிறது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள்.

வீட்டில் யார் யார்

6 வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் காத்திருக்கச் சொல்வேன். ஓடிக் கூச்சலிடும் குழந்தை துரத்தும் உணர்வைத் தூண்டும், நாய் கணுக்காலைக் கவ்வும். வாலை இழுத்தால், மேலே விழுந்தால் பொறுத்துப் போகும் குணம் இந்த இனத்தில் குறைவு. எலும்பு, பொம்மை, படுக்கை ஆகியவற்றைத் தனது என்று காக்கும் பழக்கமும் வரலாம். அது தரும் எச்சரிக்கை குறுகியது: தின்பதை நிறுத்தி உடல் உறையும், கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரியும், உதடு சுருங்கும், உறுமல், கடி. பெரியவர்களே தவறவிடும் இந்த அடையாளங்களைக் குழந்தை படிக்காது. உறுமியதற்காக அடித்தால் உறுமல் நின்றுவிடும், கோபம் நிற்காது. அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் கடிக்கும். வாயில் இருப்பதைப் பிடுங்காமல், அதைவிட நல்லதைக் கொடுத்து மாற்றிக்கொள்ளும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே எல்லோரும் செய்ய வேண்டும். 8 வயதுக்கு மேல், நாயோடு விளையாட்டுப் பயிற்சி செய்யும் ஆர்வமுள்ள பிள்ளைகள் இருந்தால் இதைவிட நல்ல கூட்டாளி கிடையாது. இவ்வளவு உற்சாகத்தோடு கற்கும் நாய் கொஞ்சம்தான்.

வயதானவர்கள் தனியே இருக்கும் வீட்டில், காலுக்குள் குறுக்கே பாய்வதை எண்ணிப் பார்க்க வேண்டும். 7, 8 வயது தாண்டிய ஜாக் ரஸ்ஸல் அவர்களுக்குப் பொருந்தலாம்.

ஏற்கெனவே நாய் இருந்தால் எதிர்ப் பாலினம், இரண்டு வயதாவது வித்தியாசம் என்று பாருங்கள். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு பெண் குட்டிகளை ஒன்றாக வாங்குவது வேண்டவே வேண்டாம். ஒன்றரை வயதுக்கு மேல் சண்டை தொடங்கினால் நிரந்தரமாகத் தனித்தனி அறையில் வைக்கும் நிலை வரலாம். தன்னைவிட ஐந்து மடங்கு எடையுள்ள நாயிடமும் பின்வாங்காது என்பதால் வெளியில் அடிபடுவது இதுதான்.

உடம்பு

மொத்தத்தில் உறுதியான இனம். பிரிட்டனின் நாய்களை வைத்து ராயல் வெட்டரினரி காலேஜ் ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட ஆயுள் அட்டவணையில், அதில் எடுத்துக்கொண்ட இனங்களிலேயே அதிகமாக 12.72 ஆண்டுகள் சராசரி ஆயுளோடு ஜாக் ரஸ்ஸல்தான் முதலில் வந்தது. 15 வயதைத் தாண்டுபவையும் உண்டு. அதாவது இன்றைய 8 வயதுப் பிள்ளை கல்லூரி முடிக்கும்வரை இந்தப் பொறுப்பு இருக்கும்.

குட்டி வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் சான்று கண்ணுக்கானது. லென்ஸைப் பிடித்திருக்கும் இழைகள் வலுவிழந்து லென்ஸ் நழுவும் பரம்பரை நோய் டெரியர்களில் உண்டு. பெரும்பாலும் 3 முதல் 8 வயதுக்குள் வரும். லென்ஸ் முன்பக்கம் நழுவினால் கண்ணழுத்தம் ஏறி மிகக் குறுகிய நேரத்தில் பார்வை போய்விடும். கண் சிவந்து, கலங்கி, நீர் வடிந்து, வெளிச்சத்தில் மூடிக்கொண்டால் மறுநாள் பார்க்கலாம் என்று விடாமல் அன்றே போக வேண்டும். இதற்கு டி.என்.ஏ. பரிசோதனை இருக்கிறது. பெற்றோர் இருவரில் ஒருவராவது முற்றிலும் குறையில்லாதவர் என்று காகிதத்தில் இருந்தால் குட்டிக்கு இந்த மரபணுக் குறையால் நோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. கால்கள் தள்ளாடும் அடாக்ஸியா என்ற நரம்பு நோய்க்கும் அப்படியே டி.என்.ஏ. பரிசோதனை உண்டு.

வெள்ளை நிறம் அதிகமுள்ள இனம் என்பதால் பிறவிச் செவிட்டுத்தன்மையும் தென்படுகிறது. ஒரு காது மட்டும் கேளாத குட்டியைக் கைதட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மூளையின் மின் அலைகளை அளக்கும் பேயர் பரிசோதனையில்தான் தெரியும். நடக்கும்போது மூன்று அடி எடுத்துவைக்கும்வரை பின்காலைத் தூக்கிக்கொண்டு பிறகு ஒன்றும் நடக்காததுபோல் ஓடினால் முழங்காற்சில்லு நழுவுகிறது என்று பொருள். ஒரு வயதுக்குள் பின்கால் நொண்டல் தொடர்ந்து, தொடைச் சதை மெலிந்தால் இடுப்பு மூட்டுக்கு ரத்த ஓட்டம் குறைந்து எலும்பு அழியும் பெர்த்தஸ் நோயா என்று எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

தீனிக் கணக்கு: 6 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு நாளுக்கு ஏறத்தாழ 400 முதல் 450 கிலோகலோரி. பயிற்சித் தீனி அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஒரு கிலோ கூடினால் பார்வைக்குத் தெரியாது, ஆனால் அது உடல் எடையில் ஆறில் ஒரு பங்கு. விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும்.

ரோமம் குட்டையாக இருப்பதால் கொட்டாது என்பது தவறான நம்பிக்கை. வழவழப்பான ரோமம் ஆண்டு முழுக்கக் கொட்டும், துணி இழைக்குள் ஊசியாகக் குத்தி நிற்கும். சொரசொரப்பான ரோமம் குறைவாகக் கொட்டும். ஆனால் முற்றிய முடியை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை கையால் பறித்தெடுக்க வேண்டும். மெஷினில் வெட்டினால் முரட்டு மேல்முடி போய் மென்மையாகி அழுக்குப் பிடிக்கும்.

இது இல்லையென்றால்

டெரியர் பிடிக்கும், இவ்வளவு வேகம் தாங்காது என்பவர்கள் பார்டர் டெரியரைப் பாருங்கள். 5 முதல் 7 கிலோ. ஹவுண்டுகளோடு சேர்ந்து ஓடியதால் மற்ற நாய்களோடு சற்று இணக்கம். வெஸ்ட் ஹைலண்ட் ஒயிட் கொஞ்சம் நிதானமானது, ஆனால் தோல் ஒவ்வாமை அடிக்கடி வரும் இனம். யார்க்‌ஷயர் டெரியர் 3.2 கிலோவுக்குள், நடை குறைவாகப் போதும், ரோமத்துக்குத் தினமும் சீப்பு, பல்லுக்குத் தினமும் பிரஷ், கழுத்துப் பட்டைக்குப் பதில் கட்டாயம் ஹார்னஸ். மூன்றுமே குரைக்கும், மூன்றுமே எலியைத் துரத்தும்.

ஜாக் ரஸ்ஸல்தான் என்று மனம் நின்றுவிட்டால், இரண்டு வாரம் நாய் இல்லாமலே அந்த நடையை நடந்து பாருங்கள்: காலையில் வேலைக்கு முன் 40 நிமிடம், மாலையில் 40 நிமிடம், யார் போகிறார்கள் என்று எழுதிவையுங்கள். பிறகு குட்டியை மட்டும் பார்க்காமல் தாயைப் பாருங்கள். அந்நியர் வந்ததும் தாய் எத்தனை நேரம் குரைக்கிறது, எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். தாயைக் காட்ட மறுப்பவரிடமும் 8 வாரத்துக்கு முன்பே குட்டியைக் கொடுப்பவரிடமும் வாங்க வேண்டாம். முதல்முறை நாய் வளர்ப்பவர்களுக்கு, புது வீடு தேடும் 3 அல்லது 4 வயது நாயையே நான் பரிந்துரைப்பேன். பூனையோடு எப்படி, குழந்தையோடு எப்படி, தனியாக விட்டால் எப்படி என்பதெல்லாம் அந்த வயதில் தெரிந்துவிட்டிருக்கும். ஊகிக்க வேண்டியதில்லை, இப்போது வைத்திருப்பவரிடம் நேரடியாகக் கேட்கலாம். ஒத்துவராவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்பதையும் அழைத்து வருவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.